டெர்மினலில் நிலா: ப்ராம்ப்ட் வேலை செய்யும் விதம்

லினக்ஸில் கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்ததும் கர்சருக்கு முன்னால் ஒரு சின்ன வரி நிற்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு என்றால் பயனர் பெயர், @, கணினியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, நாம் இருக்கும் கோப்புறை, கடைசியில் $. இதுதான் ப்ராம்ப்ட். "நான் தயார், கட்டளையைக் கொடு" என்பதற்கான அடையாளம். பலர் வருடக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாலும், மாற்றலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. வண்ணம் பூசலாம், கடிகாரம் வைக்கலாம், இன்று வளர்பிறையா தேய்பிறையா என்றுகூடக் காட்டச் சொல்லலாம். விளையாட்டாகத் தொடங்கினாலும், டெர்மினலுக்குள் என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வரியை எழுதுவது யார்? திரையில் தெரியும் சாளரம் டெர்மினல். அதற்குள் ஓடும் ஷெல் வேறொரு நிரல். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ். மேக் கணினிகளில் 2019 முதல் இசட் ஷெல். டெர்மினலுக்கு எழுத்துகளை வரையத் தெரியும், நாம் அழுத்தும் விசைகளை அனுப்பத் தெரியும், ஆனால் கட்டளை என்றால் என்னவென்று தெரியாது. ஷெல்லுக்குக் கட்டளை தெரியும், ஆனால் திரை கண்ணுக்குத் தெரியாது. ப்ராம்ப்ட்டை அச்சிடுவது, ஒரு வரியை வாங்குவது, அதை நிறைவேற்றுவது, மறுபடி ப்ராம்ப்ட்டை அச்சிடுவது என்று ஷெல் சுற்றிச் சுற்றி இதையேதான் செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ப்ராம்ப்ட் புதிதாகத் தயாராகிறது. அதனால்தான் அதில் மாறும் தகவல்களை வைக்க முடிகிறது.

என்ன அச்சிடுவது என்பதை ஷெல் பிஎஸ்1 (PS1) என்ற மாறியிலிருந்து, அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் இடத்திலிருந்து, எடுத்துக்கொள்கிறது. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலேயே இந்த மாறி உண்டு. சாதாரணப் பயனருக்கு $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு # என்ற வழக்கமும் அப்போதையதுதான். கட்டளை பாதியில் நின்று அடுத்த வரிக்குப் போனால் > என்று ஒரு குறி வரும் அல்லவா, அது பிஎஸ்2. விண்டோஸ் பக்கம், அதற்கு முந்தைய டாஸ் காலத்திலேயே $பி$ஜி ($P$G) என்று ஒரு அமைப்பு இருந்தது. சி:\> என்று எல்லோருக்கும் பழகிப்போன தோற்றம் அதிலிருந்து வந்தது.

பாஷில் பிஎஸ்1-க்குள் சாதாரண எழுத்துகளோடு சில குறியீடுகளையும் வைக்கலாம். பின்சாய்கோட்டை அடுத்து யூ எழுதினால் பயனர் பெயர், எச் என்றால் கணினிப் பெயர், டபிள்யூ என்றால் இருக்கும் கோப்புறை, சின்ன டி (t) என்றால் நேரம். \$ என்று எழுதினால் நீங்கள் யார் என்று பார்த்து $ அல்லது # வரும். இவை போதாது என்றால், $( ) என்ற அடைப்புக்குள் எந்தக் கட்டளையையும் எழுதலாம். அதன் விடை ப்ராம்ப்ட்டில் வந்து உட்காரும். இங்கே மேற்கோள் குறியைக் கவனிக்க வேண்டும். பிஎஸ்1-க்கு மதிப்பு கொடுக்கும்போது இரட்டை மேற்கோள் போட்டால், உள்ளே இருக்கும் கட்டளை அந்த நொடியே ஓடி, அதன் விடை மட்டும் மாறியில் தங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க அதே விடைதான். ஒற்றை மேற்கோள் போட்டால் கட்டளை அப்படியே எழுத்தாகச் சேமிக்கப்பட்டு, ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் வரும்போதும் ஓடும்.

சரி, நிலாவுக்கு வருவோம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள், அதாவது சுமார் 25,51,443 நொடி. யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி கடந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. 2000 ஜனவரி 6 அன்று உலகப் பொதுநேரம் 18:14-க்கு ஒரு அமாவாசை. அந்தக் கணக்கில் அது 94,71,82,440-ஆவது நொடி. இப்போதைய எண்ணிலிருந்து இதைக் கழித்து, 25,51,443-ஆல் வகுத்து மீதியை எடுத்தால், அமாவாசை கழிந்து எத்தனை நொடி ஆயிற்று என்று தெரிந்துவிடும். யூனிகோடில் நிலாவின் எட்டு நிலைகளுக்கும் வரிசையாக எட்டு எமோஜிகள் உள்ளன. மீதியை எட்டுப் பங்காகப் பிரித்து, எந்தப் பங்கில் விழுகிறதோ அந்த எமோஜியை அச்சிட வேண்டியதுதான். அரைப் பங்கு நொடிகளை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டால், அமாவாசையும் பௌர்ணமியும் தத்தம் பங்கின் நடுவில் வரும். நிலாவின் வேகம் சீரானது இல்லை என்பதால் இந்தச் சராசரிக் கணக்கு பல மணிநேரம், சிலசமயம் அரை நாளுக்கு மேலும்கூட, முன்பின் ஆகும். விரதத்துக்குப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ப்ராம்ப்ட்டுக்கு இது தாராளமாகப் போதும்.

இன்னொரு விளையாட்டு, முகம். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஷெல்லிடம் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 0 என்றால் எல்லாம் நலம். 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் 130. இந்த எண் $? என்ற இடத்தில் இருக்கும். 0 என்றால் சிரித்த முகம், மற்றதற்கு அழுத முகம் என்று வைப்பது பழைய வேடிக்கை. ஆனால் எந்தக் கட்டளை ஓடினாலும் $? மாறிவிடும். ப்ராம்ப்ட்டைத் தயாரிக்க நாமே ஓடவிடும் கட்டளைகளும் இதில் சேர்த்தி. ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன் முதல் வேலையாக அந்த எண்ணை ஒரு தனி மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்ணம் எப்படி வருகிறது? டெர்மினலுக்கு எழுத்துகளைத் தவிர வேறு எதையும் அனுப்ப முடியாது. அதனால் வண்ணத்தைப் பற்றிய உத்தரவும் எழுத்துகளாகத்தான் போகிறது: 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் எழுத்து, பிறகு [, பிறகு 31, கடைசியில் சின்ன எம். இது வந்தால் டெர்மினல் எதையும் வரையாது. இனி வருவதைச் சிவப்பில் எழுது என்று எடுத்துக்கொள்ளும். 32 பச்சை, 34 நீலம், 0 பழைய நிலைக்குத் திரும்பு. 1978-ல் வந்த விடி100 டெர்மினல் இந்த முறையைப் பரப்பியது; அப்போது டெர்மினல் என்பது திரையும் விசைப்பலகையும் கொண்ட தனிக் கருவி. அந்தத் திரையில் நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். வேலையிலும் வண்ணம் கைகொடுக்கும். தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழைந்தால் ப்ராம்ப்ட்டை எழுதுவது அந்த சர்வரின் ஷெல். அங்கே மட்டும் சிவப்பு வைத்துவிட்டால், அழிக்கும் கட்டளையை எந்தக் கணினியில் அடிக்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரியும்.

வண்ணம் வைத்தவுடன் பலருக்கும் ஒரு விசித்திரமான கோளாறு வரும். நீளமான கட்டளை அடித்தால், அடுத்த வரிக்கு மடங்காமல் அதே வரியின் தொடக்கத்தில் ப்ராம்ப்ட்டின் மேலேயே எழுத்து ஏறும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையை வரவழைத்தால் பாதி எழுத்து அழியாமல் நிற்கும். காரணம், டெர்மினலும் ஷெல்லும் தனித்தனி நிரல்கள் என்று முன்னால் சொன்னதுதான். கர்சர் எந்தக் கட்டத்தில் (திரையில் ஒரு எழுத்துக்கான இடம்) நிற்கிறது என்று ஷெல்லுக்குத் தெரிய வேண்டும். திரை தெரியாததால், தான் அனுப்பியதை எண்ணித்தான் அது ஊகிக்கிறது. பாஷில் இந்த எண்ணும் வேலை ரீட்லைன் என்ற நூலகத்துடையது. வண்ண உத்தரவில் இருக்கும் ஐந்து எழுத்துகளையும் அது ஐந்து கட்டம் என்று கணக்கில் சேர்க்கிறது. டெர்மினலோ ஒரு கட்டத்தைக்கூட நகர்த்தவில்லை. இதற்காகவே \[ என்றும் \] என்றும் இரண்டு குறிகள் உண்டு. இவற்றுக்கு நடுவில் இருப்பதை எண்ணாதே என்று பொருள்.

வண்ணத்தை இப்படிச் சரிசெய்துவிடலாம். தமிழ் எழுத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது, ஆர்வமூட்டுவதும் அதுதான். ஒரு எழுத்து எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதற்கு யூனிகோடை ஒட்டிய அட்டவணை ஒன்றை இந்த நிரல்கள் வைத்திருக்கின்றன. அதன்படி பொதுவாக க ஒரு கட்டம். புள்ளிக்குத் தனிக் கட்டம் இல்லை, ஆகவே க் என்பதும் ஒரே கட்டம். துணைக்காலுக்கு ஒரு கட்டம் உண்டு, ஆகவே கா இரண்டு. கி என்பதிலும் மேல்விலங்குக்கு ஒரு கட்டம் சேர்ந்து இரண்டு. ஆனால் கீ என்பதில் வரும் குறியை யூனிகோட் புள்ளியோடு ஒரே வகையில் வைத்திருக்கிறது. அதனால் கீ ஒரே கட்டம்! எழுத்துருவில் கி, கீ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம்தான். பல டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும், நடுவே காரணமில்லாமல் இடைவெளி விழுவதும் இதனால்தான். ஆங்கில எழுத்தின் அகலத்தை வைத்துப் போட்ட கட்டம் நம் எழுத்துக்குப் பொருந்தவில்லை. எமோஜிகளுக்குப் பொதுவாக இரண்டு கட்டம் என்றாலும், ஷெல்லின் அட்டவணையும் டெர்மினலின் அட்டவணையும் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளாக இருந்தால் சிலவற்றில் ஒத்துப்போகாது.

அப்படியானால் நிலாவையும் தமிழையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ப்ராம்ப்ட் இரண்டு வரியாக இருந்தால், ரீட்லைன் கடைசி வரியின் அகலத்தைத்தான் கர்சர் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது. மேல் வரியை அச்சிட்டதோடு சரி. ஆகவே நிலா, "வணக்கம்", முகம், வண்ணம், கோப்புறை எல்லாவற்றையும் மேல் வரியில் வைத்துவிட்டு, நடுவில் புதுவரிக் குறியீடாகிய பின்சாய்கோடும் என்-உம் போட்டு, கீழ் வரியில் \$ குறியையும் ஒரு இடைவெளியையும் மட்டும் விடுங்கள். மேலே எழுத்து எத்தனை கட்டம் பிடித்தாலும், நீங்கள் அடிக்கும் கட்டளை இரண்டாவது கட்டத்துக்கு அடுத்து ஒழுங்காகத் தொடங்கும். முதலில் திறந்திருக்கும் சாளரத்தில் மட்டும் பிஎஸ்1-ஐ மாற்றிப் பாருங்கள்; பிடிக்கவில்லை என்றால் சாளரத்தை மூடினால் போயிற்று. பிடித்திருந்தால் வீட்டுக் கோப்புறையில் இருக்கும், பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பின் கடைசியில் அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.