36 கேலிபர் கரிமருந்து ரிவால்வரை 44 ஆக்கினால் எங்கே வெடிக்கிறது, ஏன்

கரிமருந்தில் சுடும் 36 கேலிபர் ரிவால்வர் வைத்திருப்பவருக்கு அதை 44 ஆக்கிப் பார்க்கும் ஆசை என்றாவது ஒருநாள் வந்துவிடுகிறது. கேலிபர் என்பது குழலின் துளை விட்டம், தோராயமாக அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். மருந்தையும் ஈய உருண்டையையும் தனித்தனியே போட்டு அடைக்கும் ஆறு அறைகள் கொண்ட சுழல் உருளைதான் சிலிண்டர். அதை லேத்தில் பிடித்து ஆறு அறைகளையும் கொஞ்சம் அகலமாக்கி, 44 குழல் ஒன்றை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ரிவால்வர்களின் நகல்களை வாங்கிச் சுடும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உண்டு. அங்கே இந்த யோசனை திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு தாங்காது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஆறு அறைகளின் மையங்களும் ஒரே வட்டத்தின் மேல் சம தூரத்தில் அமைந்தவை. அறுகோணம் என்பதால் பக்கத்துப் பக்கத்து மையங்களின் இடைவெளி அந்த வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். அறையை அகலமாக்கினாலும் மையம் நகராது. ஆகவே விட்டத்தில் 2 மி.மீ. கூட்டினால், இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் 2 மி.மீ. போய்விடும், வெளிச்சுவரில் 1 மி.மீ. போகும். 36 கேலிபர் சிலிண்டரில் இறங்கும் ஈய உருண்டை 0.375 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. 44-க்கு உரியது 0.451 அல்லது 0.454 அங்குலம், சுமார் 11.5 மி.மீ. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அந்த 2 மி.மீ.தான். கைக்கு அடக்கமான சிலிண்டரில் இவ்வளவு இரும்பை இழக்க வழியில்லை.

வெளிச்சுவரிலும் எல்லா இடமும் ஒரே தடிப்பு இல்லை. ஒவ்வொரு சுடுதலுக்கும் சிலிண்டரைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்த, அதன் பின்பகுதியில் ஆறு குழிகள் வெட்டியிருப்பார்கள். கோல்ட் வகையில் அந்தக் குழிகள் அறைகளுக்கு நேர் மேலே வருகின்றன. மருந்து எரிந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகும் இடமும் அதே பின்பகுதிதான். அறையை அகலமாக்கினால் குழியின் அடியில் தகடு மாதிரி ஒரு படலம்தான் மிஞ்சும். இப்படி வெட்டிய சிலிண்டர் கிழியத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுவே.

அழுத்தக் கணக்கும் எதிராகவே நிற்கிறது. சுவரைக் கிழிக்கப் பார்க்கும் தகைவை அறிய, உள்ளழுத்தத்தைத் துளையின் விட்டத்தால் பெருக்கி, சுவர்த் தடிப்பின் இரு மடங்கால் வகுத்தால் தோராயமான விடை கிடைக்கும். விட்டம் 9.5-லிருந்து 11.4 மி.மீ. ஆனால் அதனால் மட்டும் தகைவு 1.2 மடங்கு. அதே வேலையில் சுவர் பாதியானால் 2.4 மடங்கு. மருந்து ஒரு கிரெய்ன்கூட (சுமார் 0.065 கிராம்) கூட்டாமல் வரும் கணக்கு இது. 36-இன் உருண்டை சுமார் 80 கிரெய்ன் எடை, 44-இன் உருண்டை சுமார் 140. எடை கூடிய உருண்டை நகரத் தாமதிக்கும், அதற்குள் அழுத்தம் இன்னும் ஏறும். அதே அழுத்தத்தில் சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளும் விசை, பரப்பு கூடியதால் 1.44 மடங்காகிவிடும். கோல்ட் வகையில், சிலிண்டரைத் தாங்கும் உடல்பகுதியான சட்டத்தின் மேல்பகுதி திறந்தே இருக்கும். குழலையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது நடுத்தண்டும் அதில் குறுக்கே செருகிய ஓர் ஆப்பும் மட்டுமே. பித்தளைச் சட்டமாக இருந்தால் இந்த விசையில் நாளடைவில் நீண்டுவிடும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சந்து பெரிதாகிக்கொண்டே போகும்.

இந்தத் துப்பாக்கிகளை முதலில் செய்தவர்களே பெரிய கேலிபர் வேண்டியபோது இருந்த அறையை அகலமாக்கிச் சமாளிக்கவில்லை. 1860-இல் கோல்ட் நிறுவனம் தன் 36 கேலிபர் மாடலான 1851 நேவியின் அளவுள்ள சட்டத்தில் 44 கேலிபர் வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்காக முன்பகுதி பருத்து, பின்பகுதி ஒடுங்கிய புது சிலிண்டர் செய்தார்கள். பருத்த பகுதி உட்கார, சட்டத்தின் அடியில் ஒரு படி வெட்டினார்கள். இதுதான் 1860 ஆர்மி மாடல். 1862 போலீஸ் மாடலிலும் இதே உத்திதான்: 31 கேலிபர் பாக்கெட் ரிவால்வரின் சட்டத்தில் 36 சிலிண்டர், அதுவும் ஐந்து அறைகளோடு.

இன்னொரு அமெரிக்க நிறுவனமான ரெமிங்டன் செய்தது இன்னும் தெளிவான பாடம். தோட்டாவை நேரே செருகும் ரிவால்வருக்கு மாற 1868-இல் அவர்கள் தங்கள் ஆறு அறை 44 ரிவால்வரை எடுத்து, 46 கேலிபர் தோட்டாவுக்குப் புதிதாக ஐந்து அறை சிலிண்டர் செய்து பொருத்தினார்கள். பின்புறம்வரை துளையிட்ட சிலிண்டருக்கான ரோலின் வொயிட்டின் 1855 காப்புரிமை அப்போது ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் கையில் இருந்ததால், அவர்களுக்கு உரிமைத்தொகை கொடுத்துத்தான் இதைச் செய்ய முடிந்தது. ஓர் அறையைக் குறைத்தால் மையங்களின் இடைவெளி ஆரத்தைப்போல் 1.18 மடங்காகும். ஒரு குண்டை விட்டுக்கொடுத்துத்தான் சுவரைக் காப்பாற்றினார்கள்.

சுவர் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கோல்ட் 1847-இல் செய்த வாக்கர் மாடல் சாட்சி. சுமார் இரண்டு கிலோ எடை, அறைக்கு 60 கிரெய்ன்வரை கரிமருந்து. அன்றைய இரும்பின் தரம் சீராக இல்லை. கூம்புக் குண்டைத் தலைகீழாகச் செருகி அறை முழுக்க மருந்து கெட்டித்தவர்களும் உண்டு. களத்தில் சிலிண்டர்கள் வெடித்தன. அடுத்த வருடமே வந்த டிராகூன் மாடலில் சிலிண்டரைக் குட்டையாக்கி மருந்தை 50 கிரெய்ன் அளவுக்குக் குறைத்தார்கள்.

38 என்று சொல்லும் தோட்டாவின் குண்டு ஏன் 0.357 அங்குலம் மட்டுமே என்று பலர் கேட்பதுண்டு. அதன் வேரும் இந்த மாற்றங்களில்தான் இருக்கிறது. 36 கேலிபர் நேவிகளைத் தோட்டாவுக்கு மாற்றியபோது, தோட்டாவின் உலோகக் கூட்டின் வெளிவிட்டத்துக்குச் சமமாக, பழைய குழலுக்குப் பொருந்தும் குண்டு போட்டார்கள். பிற்பாடு குண்டைக் கூட்டுக்குள் இறக்கியபோது அது சிறுத்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைய 38 தோட்டாவைப் பழைய அளவுக் குழலில் சுட்டால் குண்டு குழலுக்குள் வெட்டிய சுருள்வரியைச் சரியாகப் பிடிக்காது, குறி சிதறும்.

இன்று 44 வேண்டுபவர் 44-ஆகவே செய்து சோதித்ததை வாங்குவதுதான் வழி. 1860 ஆர்மி, 1858 ரெமிங்டன் இரண்டின் நகல்களும் இத்தாலியிலிருந்து வருகின்றன. கடையில் "44 நேவி" என்று விற்பது வரலாற்றில் இல்லாத மாடல் என்றாலும், அதில் இருப்பது ஆர்மியைப் போலப் படி வெட்டிய சிலிண்டர்தான். 45 கோல்ட் தோட்டாவுக்கான மாற்று சிலிண்டர்களும் தனியாக விற்கின்றன. அவை எஃகுச் சட்டத்துக்கு மட்டுமே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே. 45 கோல்ட் தோட்டாவின் அங்கீகரிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; மாற்று சிலிண்டரில் கரிமருந்துத் தோட்டாவோ அதற்கு ஈடான, அழுத்தம் குறைந்த தோட்டாவோ மட்டும் போட வேண்டும். "கரிமருந்து மட்டும்" என்று குழலில் பொறித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்புங்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை அதே கரண்டியில் அளந்து போட்டால், அறையை வெட்டாத நல்ல துப்பாக்கியும் வெடிக்கும்.

பழைய ரிவால்வர் ஒன்று கைக்கு வந்தால், அதன் அறைகளை யாராவது முன்பே அகலமாக்கியிருக்கிறார்களா என்று பார்க்காமல் சுடக் கூடாது. முதல் வேலை, மருந்து உள்ளே இருக்கிறதா என்பது. சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடிகளான கேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் மரக்குச்சி விட்டு ஆழத்தைக் குறியுங்கள். ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும், சிலிண்டரின் நீளத்தில் நிப்பிள் (கேப் உட்காரும் முனை) இருக்கும் பின்பகுதியைக் கழித்த அளவோடும் ஒத்துவர வேண்டும். குறைவாக இருந்தால் உள்ளே மருந்தும் உருண்டையும் இருப்பதாகவே கொள்ளுங்கள். சூடாக்கவோ துளையிடவோ வேண்டாம். எண்ணெய் ஊற்றி வைத்தால் மருந்து செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. நனைந்த கரிமருந்துகூடக் காய்ந்ததும் மறுபடி எரியலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து நிப்பிளைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

காலி என்று உறுதியான பிறகு அளவெடுங்கள். ஆறு அறைகளின் வாயையும் வெர்னியரில் அளந்து, குழலில் பொறித்த கேலிபரோடு ஒப்பிடுங்கள். 36 என்று பொறித்த குழலுக்குப் பின்னால் 11 மி.மீ. வாய் இருந்தால் அந்த ரிவால்வரை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். பெரிய உருண்டையைச் சின்னக் குழலுக்குள் திணிக்கும்போது அழுத்தம் கட்டுக்கடங்காது. அறையின் உட்சுவரில் வளையம் வளையமாகக் கருவியின் தடம் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். சொரசொரப்பான, வட்டம் தவறிய அறையில் உருண்டை இறுகி அடைக்காது. ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குப் பாய்ந்து, குழலுக்கு நேரே இல்லாத அறைகளும் சேர்ந்து வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம். உருண்டையை அமுக்கும்போது வாயில் மெல்லிய ஈய வளையம் முழுசாகச் சீவி வந்தால்தான் அடைப்பு சரி. சிலிண்டரின் முதுகில் எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். குழிகளின் பக்கம் வீங்கியிருந்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை செய்யலாம். வெல்டிங் சோதிக்கும் பட்டறைகளில் அது வழக்கமான வேலை.

இத்தாலிய நகல்களில் கார்தோனே வால் திரோம்பியா சோதனை நிலையத்தின் முத்திரை இருக்கும். அந்த முத்திரை அப்போது இருந்த அறை அளவுக்கும் சுவருக்கும்தான். பிறகு யாராவது அகலமாக்கினால் அதற்குப் பொருளே இல்லை. அரசின் சட்டமும் இங்கே குறுக்கே நிற்கும். கேப் போட்டுச் சுடும் நகல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள் வரிசையில் வந்தாலும், தோட்டா சிலிண்டர் மாட்டியதும் சாதாரணத் துப்பாக்கியாகிவிடும். மாநிலச் சட்டங்கள் தனி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்குள் வரும் குற்றம்.

அறை அகலமாக்கிய சிலிண்டர் ஒன்று கிடைத்தால், காட்சிக்கு வைக்கிறேன் என்று துப்பாக்கியிலேயே விட்டுவைக்காதீர்கள். கழற்றி, "சுடக் கூடாது" என்று கம்பியில் அட்டை கட்டித் தனியே பூட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு வெளிப்பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியாது.