வீலில் கருப்பு, டிஸ்க்கில் துரு: இரண்டும் ஒரே இரும்புதான்

காரை நன்றாகக் கழுவி நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அலாய் வீல் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஸ்போக்குகளுக்கு நடுவே தெரியும் பிரேக் டிஸ்க் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்து நிற்கும். புதுக் கார் வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் ஷோரூமுக்கே போன் போடுவதுண்டு. நாலு தெரு ஓட்டினால் அந்தத் துரு போய்விடும், சரி. ஆனால் அடுத்த சில நாளில் வீல் முழுக்கக் கரித்தூள் படிந்துவிடும். பலரும் இதை இரண்டு தனித்தனித் தொல்லையாகப் பார்க்கிறார்கள். அடிப்படையில் இரண்டும் டிஸ்க்கில் இருக்கும் இரும்பின் வேலைதான். அந்த இரும்பு என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எதைக் கழுவ வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பது தானாகவே புரியும்.

1,200 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் அந்தச் சில நொடிகளில் இதில் பெரும்பகுதி உரசலால் வெப்பமாக மாறுகிறது. அந்த உரசலில், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. பேடு மட்டும்தான் தேயும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் வீலில் படியும் தூளில் அதிகமாக இருக்கும் உலோகம் இரும்பு, அதில் கணிசமான பங்கு டிஸ்க்கிலிருந்து உதிர்ந்தது. மீதி, பேடில் கலந்திருக்கும் எஃகு இழை, கிராஃபைட், அதையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் ஃபீனாலிக் பிசின் இவற்றின் துகள்கள். கருப்பு நிறம் வருவது இந்தக் கலவையால்தான்.

பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகள்தான் அதிகம் உழைக்கின்றன, அதனால் முன்வீல்கள்தான் அதிகம் கருக்கும். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக். அதிலும் தூள் வரத்தான் செய்கிறது, ஆனால் டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும். பின்வீல் சுத்தமாக இருக்கிறதே, பின் பிரேக் பிடிக்கவில்லையோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு துருப்பிடிக்கிற இரும்பை ஏன் வைக்கிறார்கள்? பக்கத்தில் நிற்கும் பைக்கின் டிஸ்க்கைப் பாருங்கள், ராத்திரி முழுக்க மழையில் நனைந்தாலும் பெரும்பாலும் துரு தெரியாது, ஏனென்றால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பைக்கின் எடை குறைவு, டிஸ்க்கும் மெல்லியது, காற்று நேரடியாகப் படும், அதனால் அங்கே அது சமாளித்துவிடுகிறது. கார் டிஸ்க் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அதில் 3 முதல் 4 சதவீதம் கார்பன் இருக்கும், பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக. இந்தச் செதில்கள்தான் சூத்திரமே: வெப்பத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகக் கடத்திவிடும், அதிர்வையும் உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் கத்தாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம். உள்ளே காற்று போக வழி வைத்து வார்ப்பதும் சுலபம், விலையும் குறைவு. இத்தனை நன்மைக்காக மேல்துருவைப் பொறுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நியாயமான பேரம்.

துரு பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். டிஸ்க்கின் உரசும் முகத்தில் பெயின்ட் கிடையாது, எண்ணெய் கிடையாது, பேடு தேய்த்துத் தேய்த்துப் புது இரும்பையே எப்போதும் வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கழுவிய சில மணி நேரத்திலேயே நிறம் மாறிவிடுகிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் வரும் உப்பு அந்த நீர்ப்படலத்தில் கரைந்து மின்சாரம் எளிதாகப் பாய வழி செய்துவிடும். துரு என்பதே ஒரு மின்வேதி வினை என்பதால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் இந்த ஓர் இரவுத் துரு மிக மிக மெல்லியது. காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், பேடு அதைச் சுரண்டி எடுத்துவிடும். அப்படிச் சுரண்டியது எங்கே போகிறது? அதுவும் நேராக வீலுக்குத்தான். கருந்தூளுக்கு நடுவே செம்பழுப்புக் கறை தெரிகிறதே, அதில் ஒரு பங்கு இது.

இந்தத் தூள் சாலைப் புழுதி மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சூடாக, கூர்மையாகத் தெறிக்கிறது, பெரும்பாலும் மின்னூட்டத்தோடும் வருகிறது. இர்வினில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பிரேக்கிலிருந்து கிளம்பும் நுண்துகள்களில் 80 சதவீதம் வரை மின்னூட்டம் பெற்றவை என்று கண்டார்கள். வீலின் மேலிருக்கும் லேக்கர் பூச்சில் இந்த இரும்புத் துகள்கள் ஒட்டி, சில அதில் குத்தியும் நின்றுவிடும். அப்புறம் பனியோ மழையோ பட்டால் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், பூச்சுக்குள் நெருக்கி வெடிப்பு உண்டாக்கும். ரொம்ப நாள் கழுவாத வீலைக் கழுவிக் காயவிட்டு, கிட்டப் போய்ப் பாருங்கள்: விளிம்பின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரியும், நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டும். இந்தக் கட்டத்துக்கு வந்தபின் ஷாம்பு எவ்வளவு போட்டாலும் போகாது, ஏனென்றால் இரும்புத் துரு தண்ணீரிலும் சோப்பிலும் கரையாது.

அதற்குத்தான் அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவம். வீலில் தெளித்ததும் நிறமில்லாமல் இருந்தது மெல்ல ஊதா நிறமாகி ரத்தம் மாதிரி வழியும். ஏதோ சாயம் கலந்து கண்கட்டு வித்தை காட்டுகிறார்கள் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அப்படியில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் தையோகிளைகோலேட் என்ற உப்பு. முடியைச் சுருட்டப் பார்லரில் போடும் கரைசலிலும், முடி நீக்கும் கிரீமிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான், அதனால்தான் அதே கந்தக நாற்றம். இதிலுள்ள கந்தகம் துருவிலிருக்கும் இரும்புக்கு எலக்ட்ரான் கொடுத்து, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையக்கூடிய சேர்மமாக மாற்றிவிடுகிறது. அந்தச் சேர்மத்தின் நிறம்தான் ஊதா. எங்கே இரும்பு இருக்கிறதோ அங்கே மட்டும் நிறம் மாறும், சுத்தமான வீலில் தெளித்தால் நிறமே வராது.

பயன்படுத்தும்போது வீல் ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும். சூட்டில் திரவம் காய்ந்துவிட்டால் அதுவே கறையாகிவிடும். முதலில் வெறும் தண்ணீரை அழுத்தமாக அடித்து மேல்தூளை ஓட்டிவிட்டு, பிறகு தெளித்து, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் விட்டு, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கையுறை அவசியம். காரின் மற்ற பாகங்களுக்கு முன்பே வீலைக் கழுவிவிடுங்கள், அதற்கென்று தனி பக்கெட், தனித் துணி. வீலைத் துடைத்த துணியால் கதவைத் துடைத்தால் அதில் ஒட்டிய இரும்புத் துகள் பெயின்டில் கோடு போட்டுவிடும்.

ஆசிட் மட்டும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். சில இடங்களில் சீக்கிரம் வேலை முடிய அமிலம் கலந்த திரவத்தை அடித்துவிடுகிறார்கள், துரு நொடியில் போகும், உண்மைதான். ஆனால் அலாய் வீல் என்பது அலுமினியம். அதைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், அது வலுவான அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். லேக்கர் கீறியிருக்கும் இடத்தில் அமிலம் புகுந்தால் பால் மாதிரி வெளுத்த திட்டு விழும், அதைக் கழுவி எடுக்கவே முடியாது. ஃபுளோரைடு கலந்த அமிலமாக இருந்தால் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை கெடுக்கும். வேலை பார்க்கும் பையனின் கையை நினைத்தாவது அதைத் தவிர்க்கலாம்.

அதேபோல டிஸ்க்கில் துரு வராமல் இருக்க எண்ணெய், மெழுகு, டபிள்யூடி-40 என்று எதையும் தடவக் கூடாது. உரசல் போனால் பிரேக் போச்சு. பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் பேடையே மாற்ற வேண்டியிருக்கும். டயர் பாலிஷ் அடிக்கும்போதுகூட ஸ்போக் இடைவெளி வழியாக டிஸ்க்கில் படாமல், துணியில் எடுத்துத் தடவுங்கள். வீலின் முகத்தில் மட்டும் சீலன்ட் அல்லது செராமிக் கோட்டிங் போடலாம். தூள் வருவதை அது நிறுத்தாது, ஆனால் குத்தி நிற்க விடாது, அடுத்த முறை வெறும் ஷாம்புவிலேயே போய்விடும். தூளையே குறைக்க வேண்டுமென்றால் பேடைத்தான் மாற்ற வேண்டும். அதிவேகத்தில் அழுத்தமாகப் பிடிப்பதற்காக ஐரோப்பியக் கார்களில் வைக்கும் பேடுகள் டிஸ்க்கை அதிகம் தேய்க்கும், அதனால் ஜெர்மன் கார்களின் முன்வீல் சீக்கிரம் கருக்கும். செராமிக் வகைப் பேடுகளில் தூள் குறைவு, நிறமும் வெளிர். கார் கம்பெனி சொன்ன தரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், வீல் அழகுக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கார் கம்பெனிகளும் இரும்பையே கடினமாக்கிப் பார்க்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் டிஸ்க்கின் மேற்பரப்பில் நைட்ரஜனும் கார்பனும் ஊறவைத்துத் துருவைத் தள்ளிப்போட்டது. போர்ஷே 2017-இல் கெயேன் காரில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கைக் கொண்டுவந்தது. தூள் அவ்வளவு குறைவு என்று காட்டவே, பேடுகளைப் பிடித்திருக்கும் அதன் காலிப்பருக்கு வெள்ளை நிறம் அடித்தார்கள். இனி இது பணக்கார வண்டிகளின் ஆடம்பரமாக மட்டும் இருக்காது. ஐரோப்பாவின் யூரோ 7 வாகன மாசு விதி முதல்முறையாகப் பிரேக் தூளுக்கே வரம்பு வைக்கிறது: பெட்ரோல், டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3. அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நாம்தான் என்பதால் இதை மனதார வரவேற்கிறேன். காய்ந்த பிரேக்கில் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதாதீர்கள், எப்போதும் நனைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

மின்சாரக் காரில் நிலைமை தலைகீழ். மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுவதால் பேடு டிஸ்க்கைத் தொடுவதே குறைவு. தூள் குறையும், ஆனால் துருவைச் சுரண்ட ஆளில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களில் பின்னால், உரசும் பகுதி மூடியே இருக்கும் டிரம் பிரேக் வைத்ததற்கு இது ஒரு காரணம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் போடுவது நல்லது.

எந்தக் காராக இருந்தாலும் கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்துச் சூட்டில் டிஸ்க்கைக் காயவையுங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால் பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது 'டக்' என்று விடும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் சமதளத்தில் கியரில் போட்டு, டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடலாம். நன்றாக ஓட்டிய பிறகும் டிஸ்க் முகத்தில் குழியோ, வளையமாகத் துருவோ மீதமிருந்தாலோ, ஸ்டியரிங் அதிர்ந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.