அமால்கம்: தமிழில் இரசக்கலவை

அமேசான் காட்டு ஆறுகளைப் பற்றியோ கானா நாட்டு ஆறுகளைப் பற்றியோ தமிழில் செய்தி வரும்போதெல்லாம் ‘அமால்கம்’ என்ற சொல் தலைகாட்டுகிறது. ‘ஆற்று மணலில் இருக்கும் தங்கத்தை அமால்கமாக்கி எடுக்கிறார்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியிலேயே ஆறு கெட்டது, மீன் விஷமானது என்று செய்தி ஓடிவிடும். நடுவில் நடந்தது என்ன என்று படிப்பவருக்கு விளங்காது. ஆறு கெடுவதோ அந்த நடுவில்தான். ஆகவே இந்தச் சொல்லை நின்று நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

பாதரசத்தோடு வேறொரு உலோகம் சேர்ந்த கலவைக்கு அமால்கம் என்று பெயர். தங்கம், வெள்ளி, வெள்ளீயம், துத்தநாகம் எல்லாம் பாதரசத்தோடு எளிதாகச் சேரும். இரும்பு சேராது. பாதரசத்தை இரும்புக் குடுவைகளில் அடைத்து விற்பதற்குக் காரணம் அதுதான்.

சொல்லின் வேரைத் தேடிப் போனால், ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. அதற்கு முன்னால் இடைக்கால லத்தீனில் ‘அமால்கமா’ என்று இருந்தது. ரசவாதிகள் புழங்கிய சொல் அது. அதற்கும் பின்னால் கிரேக்க ‘மாலக்மா’ இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். காயத்தின் மேல் வைத்துக் கட்டும் மெத்தென்ற பற்றுக்குக் கிரேக்கத்தில் அந்தப் பெயர். ‘மென்மையாக்கு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. இடையில் அரபு மொழியைத் தொட்டு வந்திருக்கலாம் என்றும் சொல்வார்கள். கெட்டியான தங்கம் பாதரசம் பட்டதும் விரலுக்கு வளைந்து கொடுக்கும் பற்றாகிவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னாளில் அதே சொல் இரண்டு நிறுவனங்கள் ஒன்றாவதற்கும் பயன்படத் தொடங்கியது. வங்கி இணைப்பு, கம்பெனி இணைப்பு என்று வணிகப் பக்கத்தில் படிப்பது அந்தப் பொருளைத்தான். அந்தப் பழக்கத்தில் சுரங்கச் செய்தியிலும் ‘இணைப்பு முறை’, ‘ஒருங்கிணைப்பு முறை’ என்று சிலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இது பெரிய பிழை. அந்தச் சொற்களில் பாதரசமே இல்லை. ஆற்றைக் கெடுக்கும் பொருளின் பெயரைச் செய்தியிலிருந்தே துடைத்துவிடுகிறோம்.

சரியான தமிழ்ச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: இரசக்கலவை. தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் பாடநூலில் உலோகக்கலவைகளைப் படிக்கும்போது இந்தச் சொல்லைக் கடந்துதான் வந்திருப்போம். பல் சொத்தையை அடைக்கும் வெள்ளி நிற அடைப்பை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பார்கள். இரசம் என்பது வடமொழி ‘ரஸ’. சாறு, சாரம், பாதரசம் எல்லாவற்றுக்கும் பொது. சித்த மருத்துவர்கள் பாதரசத்தை இரசம் என்றும் சூதம் என்றும் சொல்வார்கள். தனித்தமிழில் ‘இதள்’ என்று எழுதுவோரும் உண்டு. அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சேலத்துப் பட்டறைத் தெருவில் போய் இதள் என்றால் யாருக்கும் தெரியாது, ரசம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் சொல்லை வைத்துக்கொள்வதே என் விருப்பம்.

உண்மையில் பெயர் தெரியாமலேயே தமிழர்கள் இரசக்கலவையோடு நெடுநாளாக வாழ்ந்திருக்கிறோம். ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசம் இதுதான். பழைய முகக்கண்ணாடிகளின் முதுகில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு இருக்கும். கோயில் விமானத்துக்குப் பொன் வேயும்போது செப்புத் தகட்டில் ரசம் தடவித் தங்க ரேக்கை ஒட்டுவதும் இதே குணத்தை நம்பித்தான்.

சேலத்தில் இந்தக் குணத்தை இன்னும் நேரடியாகப் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். அரம் போடும்போதும் பாலிஷ் போடும்போதும் பறக்கும் வெள்ளித் தூள் தரையிலும் வாசலிலும் சாக்கடை ஓரத்திலும் படியும். அந்த மண்ணைக் கூட்டி அள்ளி, அரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு பெரியவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தட்டில் மண்ணைப் போட்டுத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி அரித்தார். லேசான மண் எல்லாம் போய்க் கனமான கரும்பொடி அடியில் நின்றது. அதில் சில சொட்டு ரசம் விட்டு விரலாலேயே பிசைந்தார். மணலின் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடிய ரசம், வெள்ளித் துகள் பட்ட இடத்தில் அதை உள்ளே வாங்கிக்கொண்டது. “ரசம் மண்ணத் தொடாதுங்க தம்பி, வெள்ளியத்தான் புடிக்கும்” என்றார். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு துணியில் வைத்து முறுக்கினார். மிச்ச ரசம் துணி இழை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. துணிக்குள் சுண்டைக்காய் அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்று நின்றது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அதுதான் இரசக்கலவை.

பிறகு அதைச் சின்ன மண் குகையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், போட்டுத் தீயில் காட்டினார். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், தங்கத்துக்கு 1,064. ஆகவே ரசம் மட்டும் போய்விட, உலோகம் தங்கிவிடுகிறது. போகும் ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அவர் முகத்தை அந்தத் தீக்கு நேராக வைத்திருந்தார். அவரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

உலகத்தின் ஆற்றங்கரைகளில் நடப்பது இதே வேலைதான். அளவுதான் வேறு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கில் ஒரு கோடி முதல் இரண்டு கோடி பேர் வரை சிறு அளவில் தங்கம் தோண்டிப் பிழைக்கிறார்கள். அவர்களில் 40 முதல் 50 லட்சம் பேர் பெண்களும் குழந்தைகளும். 2015இல் மனிதர் செயலால் காற்றில் கலந்த ஏறத்தாழ 2,220 டன் பாதரசத்தில் சுமார் 38 விழுக்காடு இந்தத் தொழிலிலிருந்து வந்தது. நிலக்கரி எரிப்பதைவிட இது அதிகம்.

பாதரசம் இரண்டு வழியில் தப்பிக்கிறது. ஒன்று தீ வழி: உருண்டையைச் சுடும்போது காற்றில் போய், மழையோடு திரும்ப மண்ணுக்கும் நீருக்கும் வருகிறது. இன்னொன்று தண்ணீர் வழி: பிசையும்போதும் கழுவும்போதும் பொடிப்பொடியாகச் சிதறி, கழிவு மண்ணோடு ஆற்றில் போகிறது. மண்ணை முதலில் அரித்துச் செறிவாக்கி, அந்தக் கொஞ்ச மண்ணில் மட்டும் ரசம் விட்டால் ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ரசம் வீணாகும். அரைத்த தாது மொத்தத்திலும் ரசத்தைக் கொட்டிக் கலந்தால் இழப்பு அதைவிடப் பல மடங்கு. அந்தக் கடைசி முறைக்கு ‘முழுத்தாது இரசக்கலப்பு’ என்று தமிழில் சொல்லலாம். இந்தத் தொழிலில் இருப்பதிலேயே மோசமான பழக்கம் அது.

ஆற்றில் விழுந்த ரசம் கனமானது, அடியில் போய்ப் படிந்துவிடும், அப்புறம் என்ன என்று தோன்றலாம். அடியில்தான் ஆபத்து. காற்று புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. உடம்பில் எளிதில் ஏறும் வடிவம் அது. பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறுமீனுக்கு, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். கடைசியில் அந்த மீனைத் தின்னும் கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956இல் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம் இந்த மெத்தில் பாதரசம்தான். அங்கே அது ரசாயனத் தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்தது. பெரு நாட்டின் மாத்ரே தெ தியோஸ் பகுதியில் தங்கச் சுரங்கத்தால் மீனிலும் மக்கள் உடம்பிலும் பாதரசம் ஏறியதால் 2016 மே மாதம் அரசு நெருக்கடி நிலையையே அறிவித்தது.

பாதரசம் இல்லாவிட்டாலும் ஆறு தப்பாது. ‘அரித்தல்’ என்ற நம் வினைச்சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். அரிசியில் கல் அரிக்கிறோம், மணலில் பொன் அரிக்கிறோம், வெள்ளம் கரையை அரிக்கிறது. மூன்றுக்கும் ஒரே சொல். ஆற்றிலிருந்து வரும் பொன்னும் தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் மதுரைக் கடைவீதியில் நான்கு வகைப் பொன்னைச் சொல்கிறது: சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம். கடைசிப் பெயர் ஜம்பு நதியில் கிடைத்தது என்ற பொருள் கொண்டது. கேரளத்து நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் மரத்தட்டில் மணல் அரித்துப் பொன் எடுப்பதும் பழைய வழக்கம். கையும் தட்டும் மட்டும் இருந்தவரை ஆறு அதைத் தாங்கியது. டீசல் பம்பும் உறிஞ்சுகுழாயும் பொக்லைனும் வந்தபிறகு ஆற்றுப்படுகையையே பெயர்த்துச் சலித்து, சேற்றைத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள்.

2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த செயற்கைக்கோள் ஆய்வு, 49 நாடுகளில் இப்படித் தோண்டுவதைக் காட்டியது. பாதிக்கப்பட்ட பெரிய ஆறுகள் 173. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஆறுகளில் கலங்கல், தோண்டுவதற்கு முன் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கலங்கிய நீரில் வெயில் இறங்காது. மீன் முட்டையிடும் சரளைக்கல் படுகை சேற்றில் மூடிப்போகும். கானாவில் 2024 ஆகஸ்டில், கேப் கோஸ்ட் நகருக்குத் தண்ணீர் தரும் பிரா ஆற்று நிலையத்தில் கலங்கல் அளவு 14,000 என்.டி.யூ. (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) என்று அந்நாட்டுக் குடிநீர் நிறுவனம் அறிவித்தது. அந்த நிலையம் தாங்கக்கூடியது 2,000. குழாயில் தண்ணீர் குறைந்துபோனது. அங்கே இந்தச் சட்டவிரோதத் தோண்டலுக்கு ‘கலாம்சே’ என்று பெயர். ‘பொறுக்கி எடுத்து விற்பது’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் மக்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆனதாம்.

சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றில் தங்கச் சுரங்கம் கிடையாது. அதன் அழுக்கு சாக்கடையும் சாயக்கழிவும். இருந்தாலும் பட்டறைத் தெருவில் அரித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது அது கடைசியில் எந்த ஆற்றுக்குப் போகும் என்று சேலத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆறு அப்படியே நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவுக்காக 2001இல் மூடப்பட்ட பிறகும் அந்த மண்ணைச் சுத்தப்படுத்தும் பேச்சு இருபது ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. பாதரசம் சிதைந்து அழியாது. இடம்தான் மாறும்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. சிறு அளவில் தங்கம் எடுக்கும் தொழில் கணிசமாக நடக்கும் நாடுகள் முழுத்தாது இரசக்கலப்பை நிறுத்த வேண்டும், உருண்டையைத் திறந்த வெளியிலும் குடியிருப்புக்குள்ளும் சுடுவதை நிறுத்த வேண்டும், பாதரசம் கலந்த கழிவு மண்ணில் அதை நீக்காமல், மிச்சத் தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சயனைடு விடுவதையும் நிறுத்த வேண்டும் என்கிறது. சயனைடு பாதரசத்தைக் கரைத்து இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். அதனால்தான் அந்தத் தடை.

மாற்றுவழிகளுக்கும் தமிழில் சொல் தேட அலைய வேண்டாம். உருண்டையை மூடிய கலத்தில் வைத்துச் சுட்டு, ஆவியைக் குழாயில் குளிரவைத்து ரசத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவிக்கு ‘ரிட்டார்ட்’ என்கிறார்கள். தமிழில் அதற்கு வாலை என்று பெயர். சித்த மருத்துவத்தில் வாலையில் வடிப்பது பழைய வேலை. நல்ல வாலை இருந்தால் பெரும்பகுதி ரசம் ஆவியாகப் போகாமல் கைக்குத் திரும்ப வரும், அதை மறுபடியும் பயன்படுத்தலாம். ரசமே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் கழுவிச் செறிவாக்கிய பொடியோடு போராக்ஸ் சேர்த்து உருக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். போராக்ஸ் வேறொன்றும் இல்லை, நம் ஆசாரிகள் பற்றவைக்கும்போது தொட்டுவைக்கும் வெங்காரம்தான். மற்றத் தாதுக்கள் உருகும் சூட்டை அது குறைத்துவிடும். கசடு மேலே மிதக்க, தங்கம் அடியில் கூடும். முதலில் நன்றாக அரித்துச் செறிவாக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருக்க வேண்டிய மண் அதிகமாகி அடுப்புக்கும் வெங்காரத்துக்குமே செலவு ஏறிவிடும். கந்தகம் அதிகமுள்ள தாதுவில் இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை.