மை காயவில்லை என்று மழையைக் குறைசொல்ல வேண்டாம்

வாழ்த்து அட்டை செய்யும் பயிற்சிக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். மை தொட்டுப் பதித்த இறப்பர் முத்திரை அழகாக விழுந்தது, உறையில் போட்டுக் கொடுத்தோம், திறந்து பார்த்தவரின் கையில் மை ஒட்டிக்கொண்டது. "கொழும்பில் எப்போதும் ஈரம்தானே" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஈரம் உண்மைதான். காலை வேளையில் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வெசாக் அட்டைகளுக்கான ஓடர் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்தில் வருகிறது. தீபாவளிக்கானது ஒக்டோபர், நவம்பர் மாத மாலை இடிமழையோடு வருகிறது. ஆனால் அதே மழைநாளில், அதே மேசையில், ஓர் அட்டை ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். பக்கத்து அட்டை மூன்று நாளானாலும் பிசுபிசுக்கும். மையின் வகையும் அது விழும் தாளும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. நாமோ நிறத்தைப் பார்த்து மைப்பெட்டி வாங்குகிறோம். மூடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் வகையை வாசிப்பதில்லை.

டை மை என்பது நீரில் கரைந்த சாயம். தாளுக்குள் இறங்கிவிடுவதால் சீக்கிரம் காயும். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் மங்கும். பிக்மென்ட் மையில் நிறம் கரையாத நுண்துகளாக மிதக்கிறது. அது தாளின் மேலேயே நிற்பதால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், வெளிச்சத்தையும் தாங்கும். ஆனால் இந்த வகை மைகள் பலவற்றில் கிளிசரின் போன்ற பொருட்கள் சேர்ந்திருக்கும். கிளிசரின் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையும் தன் பக்கம் இழுக்கும். கொழும்பில் பிசுபிசுப்பு மாறாததற்கு இதுதான் முதற்காரணம். பூச்சுப் பூசிய பளபளப்பான ஆர்ட் போட் அட்டையில் இந்த மையைப் பதித்தால், உறிஞ்ச வழியில்லாமல் அது காயாமலே கிடக்கும். பூச்சில்லாத அட்டையில் பதித்து ஓர் இரவு விடுங்கள், அல்லது மேலே எம்பொஸிங் தூள் (சூட்டில் உருகிப் புடைப்பாக நிற்கும் தூள்) போட்டு உருக்கிவிடுங்கள்.

பதித்த படத்துக்கு நிறம் தீட்டப் போகிறீர்கள் என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். அல்கஹோல் மார்க்கரால் தீட்டுவதற்கு மெமென்டோ போன்ற டை மை பொருந்தும். அதன் மேல் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். நீர்வர்ணத்துக்கு வேர்சாஃபைன் போன்ற எண்ணெய் கலந்த பிக்மென்ட் மை நன்கு காய்ந்த பிறகு நிற்கும். அதன் மேல் அல்கஹோல் மார்க்கர் போனால் கறுப்புக் கோடு முழுவதும் இழுபடும். அலுவலகச் சீலுக்குப் பாவிக்கும் ஊதா மையை அட்டைக்குப் பாவிக்கவே வேண்டாம். நாரோடு நாராகப் பரவி, கோட்டின் ஓரங்களில் மயிர் முளைத்ததுபோல் காட்டும்.

தாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) வரையான, வழவழப்பான, பூச்சில்லாத வெள்ளை அட்டை எடுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால் 10.5 × 14.8 சென்ரிமீற்றர் அளவில் இரண்டு அட்டைகள் கிடைக்கும். சி6 உறைக்குள் இலேசாகப் போகும். மடிக்கும் முன், மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். தாளின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். எந்தத் திசையில் இலேசாக வளைகிறதோ, அந்த வளைவோடு மடிப்பு போக வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு வாங்கும் பிரிஸ்டல் போட் முத்திரை பதிக்கப் போதும். தண்ணீர் தெளித்துச் செய்யும் பின்னணிக்கு அது தாங்காது. 300 ஜிஎஸ்எம் நீர்வர்ணத் தாளே வேண்டும். புறக்கோட்டை மலிபன் வீதியில் தாள் வாங்கும்போது, விலையைக் கேட்கும் முன் ஜிஎஸ்எம் எவ்வளவு, பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

பின்னணி

அடி அட்டையில் நேரடியாகப் பின்னணி பூச வேண்டாம். 9.5 × 13.8 சென்ரிமீற்றரில் தனித் துண்டு வெட்டி, அதில் செய்து முடித்துப் பிறகு ஒட்டுங்கள். சுற்றிவர 5 மில்லிமீற்றர் வெள்ளை ஓரம் நிற்கும். பிழைத்தாலும் அந்தத் துண்டோடு போய்விடும், அட்டை தப்பும்.

காலிமுகத்திடல் அந்திவானம் போல ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். மஞ்சள், செம்மஞ்சள், ரோஸ், ஊதா என நான்கு டை மைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தூரிகை அல்லது ஸ்பொஞ்சு. மஞ்சளில் தொடங்குங்கள். தூரிகையை மையில் தொட்டதும் தாளில் வைக்காதீர்கள். கழிவுத் தாளில் நாலு சுற்றுச் சுற்றி மிகுதி மையைப் போக்குங்கள். பிறகு துண்டுக்கு வெளியே, மேசை விரிப்பில் சுற்றத் தொடங்கி, அப்படியே சுற்றிக்கொண்டு தாளுக்குள் வாருங்கள். தூரிகை முதலில் தொடும் இடத்தில்தான் மை அதிகமாக இறங்கும். அந்த இடம் தாளின் நடுவில் இருந்தால் வட்டமாக ஒரு கறை விழும், அதை எதனாலும் எடுக்க முடியாது. அழுத்தவும் வேண்டாம், தூரிகையின் மயிர் வளையாத அளவுக்குத் தொட்டால் போதும். ஒரு நிறம் முடியும் இடத்தில் அடுத்த நிறம் ஒரு விரலளவு ஏறி வர வேண்டும். பிறகு முந்திய நிறத்தின் தூரிகையால் அந்த இணைப்பை மறுபடி ஒருமுறை தேய்த்தால் எல்லை மறையும். மஞ்சளும் ஊதாவும் மட்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. தொட்டால் சேற்று நிறம்தான் வரும். அவற்றுக்கு நடுவில் ரோஸ் இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு கறை கைவியர்வையால் வருகிறது. நம் ஊரில் உள்ளங்கை காய்ந்திருப்பதே அரிது. அந்த ஈரமும் எண்ணெயும் பட்ட இடம் மையை வேறு அளவில் உறிஞ்சும். வெறும் தாளில் ஒன்றும் தெரியாது, மை பூசியதும் விரலடையாளம் எழுந்து வரும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பூசிய பின் விரலை நீரில் நனைத்துச் சில துளிகள் சுண்டலாம். டிஸ்ட்ரெஸ் போன்ற, நீர் பட்டால் கரையும் மைகளில் இது அழகாக வரும். அரை நிமிடம் விட்டு, டிஷூவை நேர் கீழாக வைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தாள் திரிதிரியாக எழும்பும். ஒற்றி எடுத்த இடம் வெளிறி, வானத்தில் வெளிச்சப் புள்ளிபோல் நிற்கும்.

அதன் மேல் எம்பொஸிங் செய்யும்போதுதான் கூடுதலானோர் தவறுகிறார்கள். பூசிய மை தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் நிற்கும், தங்கத் தூள் கண்ட இடமெல்லாம் ஒட்டும். முதலில் கடும் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் துண்டை உலர்த்தி, சூடு ஆற விடுங்கள். பிறகு சோளமாவையோ முகப்பவுடரையோ மெல்லிய துணியில் முடிந்து, தாள் முழுவதும் ஒருமுறை ஒற்றுங்கள். அதன் பின்னர் நிறமற்ற ஒட்டு மையில் முத்திரை பதித்து, தூளைக் கொட்டி, தாளைச் சரித்துப் பின்பக்கம் சுண்டிவிட்டால் படத்தில் மட்டும் தூள் நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஹீட் கன்னைப் பத்து விநாடி வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிய பின்னரே தாளின் பக்கம் திருப்புங்கள். தூள் மங்கலாக இருந்து சட்டென்று பளபளக்கும் கணத்தில் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். அதற்கு மேல் சூடாக்கினால் உருகியது தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறைபோல் ஆகிவிடும். தலைமுடி உலர்த்தியால் இந்த வேலை ஆகாது. அதன் காற்று தூளை ஊதித் தள்ளும், சூடோ உருக்கப் போதாது.

முத்திரை

மையில் முத்திரையைக் குத்தாதீர்கள். முத்திரையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மேல் மைத்தட்டை மெதுவாகத் தட்டுங்கள். தாளுக்கு அடியில் ஒரு மவுஸ் பாட் இருந்தால் அழுத்தம் சீராக விழும். அசைக்காமல் நேராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். புதிய பொலிமர் முத்திரையில் மை முத்து முத்தாக உருண்டு நின்றால், அழிறப்பரால் முகப்பை இலேசாகத் தேய்த்துவிட்டுப் பதியுங்கள்.

தமிழ் வாழ்த்துச் சொற்களை லேசரில் வெட்டுவித்து எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நமது வாழ்த்துகள் பெரும்பாலும் "இனிய" என்றுதான் தொடங்கும். அந்த "இ"யின் உள்வளைவும், "ண"வின் சுழிகளும், "பொங்கல்" என்பதன் கொம்புச் சுழியும் எழுத்துச் சிறிதானால் மை அடைத்துக் கரும்புள்ளியாகிவிடும். எழுத்தின் உயரம் 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல், தடிப்பில்லாத எழுத்துருவில் கொடுங்கள். அடுத்தது கோப்பு. யூனிகோடில் தட்டச்சு செய்ததைக் கடையிலுள்ள பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினியில் செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். இறப்பரில் ஒரு கொம்பு இடம் மாறினால் புதிதாக வெட்டத்தான் வேண்டும்.

1876இல் இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுகள் நடப்பட்டது கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில்தான். அந்த மரத்துப் பாலிலிருந்து வரும் இறப்பருக்கு எண்ணெய் ஆகாது. மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ துடைத்தால் முத்திரை ஊதிக் கோடுகள் தடித்துவிடும். ஈரத் துணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். வெயில் இறப்பரையும் கெடுக்கும், பொலிமரையும் கெடுக்கும்.

குழந்தைகளோடு செய்பவர்களுக்கு இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி மீது பதிக்கும் ஸ்டேஸ்ஒன் போன்ற கரைப்பான் மைகளும், அல்கஹோல் மைகளும் பிள்ளைகளின் கைக்கு உரியவை அல்ல. ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் அவற்றைத் திறக்காதீர்கள். யன்னல் திறந்திருக்க வேண்டும். அல்கஹோல் மை ஈரமாக இருக்கும்போது ஹீட் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, அதன் ஆவி தீப்பற்றும். ஹீட் கன்னை எப்போதும் பெரியவர்களே பிடிக்க வேண்டும். கீழே தரை ஓடு ஒன்றை வையுங்கள், மேசை தப்பும்.

துண்டை அட்டையில் ஒட்ட டபள் டேப் எடுங்கள்; தண்ணீர் கலந்த கம் மழைநாளில் அட்டையை வளைத்துவிடும். உறையிலிடும் முன் படத்தின் மேல் டிஷூவை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் ஓர் இரவு வெளியே இருக்கட்டும். அவசர ஓடராக இருந்தால் படத்தின் மேல் ஒரு பட்டர் தாளை வைத்து மூடிக் கொடுங்கள். தபாலில் போகிறதென்றால் ஃபோம் டேப்பில் உயர்த்திய பூக்களைத் தவிருங்கள். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும்போது அவைதான் முதலில் நசியும்.