வோல்ட்டை ஏற்றினால் ஆழம் கூடுமா? மெட்டல் டிடெக்டர் பேட்டரியில் கை வைக்கும் முன்

ஓசூர் சிப்காட் ஆலை வாசலில் செக்யூரிட்டி கையில் இருக்கும் துடுப்பு மாதிரிக் கருவியானாலும் சரி, களையெடுக்கும்போது நழுவிய தாலிக்குண்டைத் தேட பாலக்கோடு பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும் நீளக்கம்புக் கருவியானாலும் சரி, கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "9 வோல்ட்டுக்குப் பதிலா 12 வோல்ட் கொடுத்தா இன்னும் ஆழமா காட்டுமா சார்?"

பெரும்பாலான கருவிகளில் காட்டாது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், உலோகத்தை உணரும் கம்பிச்சுருளான காயிலுக்கு நேராகப் போவதில்லை. நடுவில் ரெகுலேட்டர் ஐசி உட்கார்ந்து 5 வோல்ட்டோ 8 வோல்ட்டோ மட்டும் உள்ளே விடுகிறது. மேலே எவ்வளவு கொடுத்தாலும் மிச்சம் வெப்பமாகத்தான் போகும். ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டரில் 10 வோல்ட் என்று அச்சிட்டிருந்து, நீங்கள் 12 வோல்ட் கொடுத்தால், அது உப்பி வெடிக்கக்கூடும்.

ரெகுலேட்டர் இல்லாத கருவியிலும் லாபம் சொற்பம். நாணயம் போன்ற சிறு பொருளிலிருந்து திரும்பும் சிக்னல், தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்குதான். 9-ஐ 12 ஆக்கினால் காயிலின் புலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கணக்குப் போட்டால் 20 சென்டிமீட்டரில் தெரிந்த காசு 21 சென்டிமீட்டரில் தெரியும், அவ்வளவே. அதோடு மண்ணின் இரைச்சலும் அதே அளவு கூடும். இரும்புச்சத்துள்ள நம் செம்மண்ணில் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. மண்ணின் சிக்னலை ஒதுக்கித் தள்ளும் கிரவுண்ட் பேலன்ஸைச் சரியாக வைப்பது, வோல்ட்டை ஏற்றுவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

அப்படியானால் புது பேட்டரி போட்டதும் கருவி நன்றாக வேலை செய்வது ஏன்? மல்டிமீட்டரை எடுத்துப் பாருங்கள். பழைய 9 வோல்ட் பேட்டரியைச் சும்மா அளந்தால் 8.6 காட்டும், நல்லதுபோலவே இருக்கும். முனைகளை எடுக்காமல் கருவியை ஆன் செய்து ஒரு சாவியை அருகில் காட்டுங்கள். பஸ்ஸரும் எல்இடியும் சேர்ந்து இழுக்கும் அந்த நொடியில் மீட்டர் 6.5-க்கு விழும், சாவியை எடுத்ததும் மெல்ல மெல்ல ஏறும். தேய்ந்த பேட்டரியின் உள்தடை கூடிவிட்டதால் வரும் சரிவு இது. 5 வோல்ட் தரும் 7805 வகை ரெகுலேட்டருக்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனதும் உள் மின்சாரம் ஆடும், கருவி விட்டுவிட்டுக் கத்தும் அல்லது கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே நமக்கு வேண்டியது கூடுதல் வோல்ட் கிடையாது, சுமை ஏறும்போது சரியாத வோல்ட்.

அதற்கு முதல் வேலை செலவில்லாதது. கிளிப்பிலும் ஸ்பிரிங்கிலும் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் பஞ்சில் இரண்டு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. சாதா கார்பன் செல் கசிந்திருந்தால் சமையல் சோடாக் கரைசல். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். "பேட்டரி பத்தலை" என்று வரும் கருவிகளில் பல இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து பேட்டரி. 9 வோல்ட் ஆல்கலைன் சுமார் 500 மில்லி ஆம்பியர் ஹவர் தரும். கருவி 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் 16 மணி நேரம். ரீசார்ஜ் வகை வாங்குவதானால் 8.4 வோல்ட் என்று எழுதியதை வாங்குங்கள், 7.2 வோல்ட் என்று எழுதியதும் அதே உருவத்தில்தான் வரும், அது 7805-ஐச் சீக்கிரமே பட்டினி போட்டுவிடும். ரீசார்ஜ் வகையின் கொள்ளளவு 200 அளவில்தான், எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு ஏஏ செல் போடும் கருவியில் ஆல்கலைன் 12 வோல்ட், ரீசார்ஜ் செல் 9.6 வோல்ட். உள்ளே 8 வோல்ட் ரெகுலேட்டரான 7808 இருந்தால் அதற்கு 10 வோல்ட் தேவை. மூடியைத் திறந்து ரெகுலேட்டர் எண்ணைப் படிக்காமல் செல் வாங்காதீர்கள்.

லித்தியம் போட விரும்புகிறவர்கள் 9 வோல்ட் கருவிக்கு இரண்டு 18650 செல்லை (உருளை வடிவ லித்தியம் செல்) தொடராக இணைக்கலாம்: முழு சார்ஜில் 8.4 வோல்ட். இரண்டு செல்லும் ஒரே மாதிரி, வோல்ட் வித்தியாசம் 0.05-க்குள். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று எழுதி லேசாக இருப்பது போலி. நேரடியாகச் சால்டர் வைக்காமல் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டு, பாசிட்டிவ் முனையை ஒட்டி 1 ஆம்பியர் பியூஸ், இவை இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். சார்ஜருக்கு 8.4 வோல்ட் லித்தியம் சார்ஜர்தான். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகுவதுதான் தீப்பிடிப்பதற்கான நேர்வழி. பலர் வாங்கும் டிபி4056 சார்ஜிங் போர்டு ஒற்றைச் செல்லுக்கு மட்டுமே.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. 18650 செல்லின் உறையே எஃகு. காயிலுக்கு அருகில் வைத்தால் கருவி தன் பேட்டரியையே கண்டுபிடித்துக் கத்தும். கைப்பிடிக்குப் பின்னால் வைத்து, செல்லும் ஒயரும் அசையாமல் இறுகக் கட்டுங்கள். அசைந்தால் பொய்ச் சத்தம் வரும்.

ஒற்றைச் செல்லும், வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டும் போட்டு இடத்தை மிச்சம் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த போர்டின் சுவிட்ச்சிங் இரைச்சல், குறைந்த சுமையில் கருவி வேலை செய்யும் கிலோஹெர்ட்ஸ் அளவுக்கே இறங்கி வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் போர்டின் அவுட்புட்டில், இரைச்சலை வடிகட்ட 100 மைக்ரோஹென்றி சோக்கும் 470 மைக்ரோபாரட் கெபாசிட்டரும் சேருங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் கன்வேயர் டிடெக்டர்களில் இதில் எதையும் செய்யாதீர்கள். அது தயாரிப்பாளர் ஆள் தொட வேண்டிய உணவுப் பாதுகாப்புக் கருவி. நடுகற்களுக்கும் பழைய கோட்டைகளுக்கும் பக்கத்தில் புதையல் தேடவும் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரே சாவியை, முன்பு கருவி கத்திய தூரத்தில் வைத்துச் சரிபாருங்கள். புது பேட்டரியிலும் பாதி தீர்ந்த பேட்டரியிலும் அந்தத் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட காவல் அறை அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும் என்பதால், சார்ஜரை ஆபீஸ் அறைக்குள் வைத்து இரவில் போடச் சொல்லுங்கள்.