ஃபிளாஷ்பேக்கை யார் சொல்கிறார்கள்?

"ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே மேடம்?" என்று தயங்கித் தயங்கித்தான் அந்த இளைஞர் ஆரம்பித்தார். தூக்கம் வரவில்லை என்று என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர். மூன்றாவது சந்திப்பில்தான் இது வெளியே வந்தது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற இருண்ட கற்பனைத் தொடரில் ஜெய்மி லானிஸ்டர் என்ற வீரனின் கை வெட்டப்படும் இடத்தில் அழுதிருக்கிறார். "சின்னப் பையனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டவன் அவன். அவனுக்காக எதற்கு அழுதேன்? என் மனசு கெட்டுப்போய்விட்டதா?"

(இங்கே வருபவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

கெட்டுப்போகவில்லை என்றேன். அடுத்தவர் வலி கண்ணில் பட்டால் மனசு முதலில் வலியைத்தான் பார்க்கும். அது யாருடைய வலி, அவர் அதற்கு முன் என்ன செய்தார் என்ற கணக்கெல்லாம் அப்புறம் வருவது. முழு அயோக்கியன் விழுந்தால் இரக்கம் வராது, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நிற்கும் ஒருவன் தன் பிழையால் விழுந்தால்தான் வரும் என்று அரிஸ்டாட்டில் என்றைக்கோ எழுதிவைத்துவிட்டார். நமக்கும் இது பழக்கமானதுதானே? அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகச் சாகப்போன கும்பகர்ணனை நாம் வெறுத்ததில்லை. கர்ணனுக்காக அழுகிறோம். சபையில் திரௌபதியைப் பற்றி அவன் பேசிய பேச்சு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மர்ரி ஸ்மித் என்ற திரைப்பட ஆய்வாளர் 1995இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். கதையில் நாம் யாரோடு கூடவே போகிறோம் என்பது ஒன்று, யார் பக்கம் நிற்கிறோம் என்பது வேறொன்று. கேமரா ஒருவனையே தொடர்ந்து, அவன் பயத்தையும் அவமானத்தையும் நமக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், கூடப் போவது எப்போது பக்கம் நிற்பதாக மாறியது என்றே தெரியாது.

ஜெய்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த முதல் எபிசோடில் பிரான் என்ற சிறுவனைத் தள்ளிவிடுகிறான். அந்தப் பையனுக்கு அதற்குப் பிறகு நடக்க முடியாமலே போகிறது. 2013இல் வந்த மூன்றாவது சீசனில் இவன் கை போகிறது. பிறகு ஒரு குளியலறையில் உட்கார்ந்து, முன்பொரு காலத்தில் தன் அரசனை ஏன் கொன்றேன் என்று பிரியென் என்ற பெண் வீரரிடம் சொல்கிறான்: அந்த அரசன் நகரத்தையே கொளுத்தப் பார்த்தான். நியாயமான காரணம்தான். ஆனால் அது அரசனைக் கொன்றதற்கான காரணம். பையனைத் தள்ளியதற்கு அங்கே விளக்கம் எதுவும் இல்லை. ஒரு செயலுக்குக் கிடைத்த மன்னிப்பை நாமாகவே இன்னொன்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். பிரானிடம் அவன் நேரில் மன்னிப்புக் கேட்பது 2019இல், கடைசி சீசனில்தான்.

இருண்ட கற்பனைக் கதைகளுக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அந்த உலகமே கொடூரமானது. ஜாஃப்ரி, ராம்சே போன்ற கொடூரர்கள் உலவுகிற இடத்தில் சாதாரணக் கொலைகாரன்கூடக் கண்ணியமானவனாகத் தெரிவான். செய்த தவறு மனசை உறுத்தாமல் இருக்க மனிதர்கள் என்னென்ன வழிகளைக் கையாளுகிறார்கள் என்று விரிவாக எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, இந்த ஒப்பீட்டையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்: 'அவனைவிட நான் எவ்வளவோ மேல்.'

தொடர் பார்க்கும்போது இப்படி நடந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. எனக்கும் நடக்கிறது, ரசித்துத்தான் பார்க்கிறேன். இதே பழக்கம் வீட்டுக்குள் வரும்போதுதான் எனக்குக் கவலை.

ஒரு பெண் வந்திருந்தார். கூட வாழ்பவர் கோபம் வந்தால் பொருட்களை உடைப்பார், ஃபோனைப் பிடுங்கிவைத்துக்கொள்வார், இரண்டு முறை கையை முறுக்கியிருக்கிறார். இதையெல்லாம் வேகவேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, அவருடைய சின்ன வயதுக் கஷ்டத்தை மட்டும் அரைமணி நேரம் நிதானமாகச் சொன்னார். "உள்ளுக்குள்ளே அவர் அப்படிப்பட்டவர் இல்லை மேடம்." கதையில் என்றால் அந்த உள்பக்கத்தைக் கேமரா நமக்குத் திறந்து காட்டியிருக்கும். வாழ்க்கையில் ஃபிளாஷ்பேக்கைச் சொல்வது பெரும்பாலும் அடித்தவரேதான், அதுவும் அடித்த மறுநாள். அது பொய்யாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். உண்மையாக இருந்தாலும், முறுக்கிய கை முறுக்கியதுதான்.

அந்தப் பெண்ணிடம் காரணம் எதையும் ஆராயச் சொல்லவில்லை. முதலில் அவருடைய பாதுகாப்பைப் பற்றித்தான் பேசினோம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அந்தக் கஷ்டத்தைச் சொன்ன பிறகு அவர் நடந்துகொள்கிற விதத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஒருவரைப் புரிந்துகொள்ள அவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதில்லை. தள்ளி நின்றும் புரிந்துகொள்ளலாம். இதை மனசு ஏற்றுக்கொள்ள அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

இதனால் இந்த மாதிரிக் கதைகளே ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் வயதுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், நேராகப் பேச முடியாதவர்களுக்கு இப்படிப்பட்ட கதாபாத்திரம்தான் கதவைத் திறந்துவிடுகிறது. நடுவயதுக்காரர் ஒருவர், சொந்தத் தம்பியைத் தொழிலில் ஏமாற்றியவர், பல வாரங்கள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் அதே தொடரில் வரும் தியான் கிரேஜாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தன்னோடு சேர்ந்து வளர்ந்தவனுக்கே துரோகம் செய்து கோட்டையைப் பிடித்தவன். தப்பிப்போன அரசகுமாரர்கள் இவர்கள்தான் என்று காட்டுவதற்காக இரண்டு பண்ணைச் சிறுவர்களைக் கொன்று எரித்தவன். அடுத்த சீசன் முழுக்கச் சித்திரவதைப்படுகிறான். "அவ்வளவு பட்டுவிட்டானே மேடம், போதாதா?" என்று கேட்டார். அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனால் அந்த இரண்டு பண்ணைப் பையன்களைப் பற்றி அப்புறம் யாருமே பேசவில்லை, இல்லையா?" என்றார். அந்த வாரம்தான் முதல் முறையாகத் தம்பியின் பெயரைச் சொன்னார்.