ஒரு காடு, மூன்று பொட்டலம்

"எங்க ஊர்ல பக்கத்துப் பக்கத்துக் காடே ஒரே மாதிரி விளையாது. விவசாயிகளைக் கேட்டு நல்ல ரகம் எதுன்னு முடிவு பண்றது எப்படி அறிவியல் ஆகும்?" என்று பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

அஞ்செட்டிப் பக்கம் என் மாமா மானாவாரியாக ராகி போடுகிறார். ஒரு வருஷம் அவரும் பக்கத்துக் காட்டுக்காரரும் ஒரே மூட்டை விதையைப் பங்கு போட்டு விதைத்தார்கள். மாமாவுக்குக் கதிர் கனத்து, விரல்கள் உள்பக்கம் மடங்கி மூடிய கை போல நின்றது. பக்கத்துக் காட்டுக்காரருக்கோ நோஞ்சான் கதிர். விதையைத் திட்டித் தீர்த்தார். விதை என்ன செய்யும்? மாமா காட்டில் கோடையில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். இவர்கள் இருவரிடமும் "இந்த ரகம் எப்படி?" என்று கேட்டால், கிடைக்கும் பதில் ஆட்டுப்புழுக்கையைப் பற்றியதுதான்.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே சீரான நிலத்தில் போட்டுப் பார்ப்பார்கள். நம் பக்கம் பையூரில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் பையூர் மண்ணும் பெட்டமுகிலாளம் மலைக்காடும் ஒன்றாகுமா?

இதற்குத்தான் 'ட்ரைகாட்' என்ற முறை. ஜேக்கப் வான் எட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் வளர்த்தெடுத்தது. பத்து ரகங்களைச் சோதிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு விவசாயிக்கு மூன்று பொட்டலம் மட்டும் தருவார்கள். மேலே அ, ஆ, இ என்றுதான் எழுதியிருக்கும். பெயர் தெரிந்தால் பேர்போன ரகத்தின் பக்கம் மனசு சாயும் அல்லவா? அறுப்பு முடிந்ததும் இரண்டே கேள்வி: எது நல்லா வந்தது, எது மோசம்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூன்றும் ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே எருவில் வளர்ந்தவை. ஆட்டுப்பட்டி போட்டிருந்தால் மூன்றுக்கும் போட்டதுதான். மகசூலை எடை போட்டால் காட்டுக்குக் காடு மாறும். முந்தியது எது, பிந்தியது எது என்று கேட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. இன்னொரு நயம்: முதலும் கடைசியும் தெரிந்தால் நடுவில் எது என்று கேட்கவே வேண்டாம். இரண்டு பதிலில் மூன்று ஒப்பீடு கிடைத்துவிடும். நான்கு பொட்டலம் கொடுத்தால் நடுவில் இரண்டு மாட்டிக்கொண்டு குழப்பும்.

சரி, கணக்குப் போடுவோம். பத்து ரகத்தில் 45 ஜோடிகள். 300 விவசாயிகள் என்றால் 900 ஒப்பீடுகள். பொட்டலங்களைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு ஜோடியும் 20 காடுகளில் மோதிப் பார்த்திருக்கும்! ஒருவரும் பத்தையும் விதைக்கவில்லை, ஆனாலும் பத்துக்கும் வரிசை வந்துவிடுகிறது. 1959-இல் டங்கன் லூஸ், 1975-இல் ராபின் ப்ளாக்கெட் ஆகியோர் தந்த கணிதம் இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு 'வலிமை' எண். மூன்று ரகங்களின் வலிமை 4, 3, 1 என்றால், முதல் ரகம் முந்த எட்டில் நான்கு, அதாவது பாதி வாய்ப்பு. விவசாயிகள் சொன்ன வரிசைகளுக்கு மிகப் பொருந்தும் எண்களைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கும்.

அப்புறம் அந்தந்தக் காட்டின் மழை, வெயில் விவரத்தைச் சேர்த்தால், எந்தப் பருவநிலையில் வரிசை புரளுகிறது என்றும் தெரியும். நிகரகுவாவில் பீன்ஸ், எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் கோதுமை என 12,409 சோதனைப் பாத்திகளில் இப்படிச் சேர்த்த தரவை வைத்து 2019-இல் ஆய்வு வெளியானது.

2023 முதல் தருமபுரி ரேஷன் கடைகளில் ராகி தருகிறார்கள். அந்த ராகிக்கு ஏற்ற ரகத்தை நம் மலைக்காடுகளிலேயே இப்படிச் சோதிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதைப் பொட்டலமும் ஊர் ஊராகப் போய்வர ஆட்களும்தான் பெரிய செலவு. நேரம் கொடுக்கும் விவசாயிக்குக் கூலியும், முடிவு எழுதிய தாளும் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கேள்வியையும் மகசூலோடு நிறுத்தக் கூடாது. எந்த ரகத்தின் வைக்கோலை மாடு விரும்பித் தின்றது என்று மாடு பார்ப்பவரிடமும், எந்த மாவில் களி கட்டி தட்டாமல் வந்தது என்று கிண்டியவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.